கறுப்பு அங்கியா, கரும்பலகையா?

வடமராட்சியிலிருந்து ஒரு தந்தையார் நமக்கு நீண்ட கடிதமொன்று எழுதியிருக்கிறார். நான்கு பக்கங்களும் நிறைந்து, இடம் போதாமல் ஓரங்களிலும் எழுதப்பட்ட கடிதம் அது. அதன் சாரம் இதுதான்: அவருடைய மூத்த மகள் பல்கலைக்கழகத்தில் நான்கு ஆண்டுகள் சட்டம் பயின்று, இரண்டாம் வகுப்பு மேற்பிரிவிற் சித்தியெய்தியிருக்கிறாள். இனிச் சட்டக்கல்லூரிப் பரீட்சைகளையும் முடித்துச் சத்தியப் பிரமாணம் செய்துவிட்டால், பிள்ளை கறுப்பு அங்கி அணிந்து நீதிமன்றம் புகுவாள், ஊரும் உறவும் பார்த்து மகிழும் என்று தந்தையார் காத்திருந்தார். பிள்ளையோ ஒருநாள் இராச்சாப்பாட்டு வேளையில், "அப்பா, எனக்கு வழக்குப் பேசுவதில் விருப்பமில்லை. சட்டம் படிப்பிக்கத்தான் விருப்பம்" என்று சொல்லிவிட்டாளாம்.

"ஐயா, வாத்தியார் வேலைக்கா இத்தனை படிப்பு? நான் தபாற் கந்தோரில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். இவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். இவள் தலையெடுத்தால் அவர்களும் தலையெடுப்பார்கள் என்றிருந்தேன். தாங்கள்தான் அவளுக்கு நல்ல புத்தி சொல்லவேண்டும்" என்று கடிதம் முடிகிறது.

நல்ல புத்தியை மகளுக்குச் சொல்வதா, தந்தைக்குச் சொல்வதா என்பதை இவ்விடயத்தை முற்றாக ஆராய்ந்த பின்னரே தீர்மானிக்க முடியும். இதே கேள்வி வேறு பல இல்லங்களிலும் எழுந்திருக்கக்கூடும் என்பதால் இவ்வாரம் அதனையே எடுத்துக்கொள்வோம்.

சட்டம் பயிலும் இரு வீடுகள்

நம் நாட்டிற் சட்டக் கல்விக்கு இரு வீடுகள் உண்டு. ஒன்று, 1874ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட சட்டக் கல்விக் கழகத்தின் கீழ் வளர்ந்த சட்டக்கல்லூரி. அப்புக்காத்துமாரும் பிரக்கிராசிமாரும் உருவான இடம் அது. அவ்விரு வகுப்பினரும் 1974ஆம் ஆண்டு தொடக்கம் சட்டத்தரணிகள் என்னும் ஒரே பெயரின் கீழ் வந்தனர். இக்கல்லூரியிற் கற்பிப்போர் பெரும்பாலும் தொழில் புரியும் சட்டத்தரணிகளே. பகலில் நீதிமன்றம், ஓய்ந்த வேளையில் விரிவுரை என்பது அவர்களுடைய வழக்கம்.

மற்றது பல்கலைக்கழகம். 1947ஆம் ஆண்டில் இலங்கைப் பல்கலைக்கழகத்திற் சட்டத்துறை தொடங்கப்பட்டது. பின்னர் பேராதனைக்குச் சென்ற அத்துறை, 1965ஆம் ஆண்டிற் கொழும்புக்குத் திரும்பி, காலப்போக்கிற் தனிப் பீடமாயிற்று. இன்று பேராதனையிலும் யாழ்ப்பாணத்திலும் சட்டத்துறைகள் உள்ளன. திறந்த பல்கலைக்கழகமும் சட்டப் பட்டம் வழங்குகிறது. சட்டத்தை முழுநேரமும் கற்பிப்பதையும் ஆராய்வதையுமே வாழ்நாட் பணியாகக் கொண்டவர்கள் இந்த இரண்டாவது வீட்டிலேயே தோன்றினார்கள். அன்பரின் மகள் நுழைய விரும்புவதும் இந்த வீட்டினுள்ளேதான்.

வாத்தியார் என்ன செய்கிறார்?

சட்டப் பேராசிரியர் என்றால் சட்டப் புத்தகத்தை வாசித்துக்காட்டி, மாணவர் எழுதிக்கொள்ளக் குறிப்புச் சொல்பவர் என்று பலர் எண்ணுகிறார்கள். அப்படிச் செய்வோரும் இல்லாமலில்லை. ஆயினும் மெய்யான சட்ட வகுப்பு எவ்வாறு நடைபெறும் என்பதற்கு ஓர் உதாரணம் கூறுவோம்.

1928ஆம் ஆண்டில் ஸ்கொட்லாந்திலுள்ள பெய்ஸ்லி என்னும் பட்டினத்தில், ஒரு பெண்மணி தன் தோழியுடன் சிற்றுண்டிச்சாலைக்குச் சென்றார். தோழி அவருக்கு இஞ்சிப் பானம் வாங்கிக் கொடுத்தார். உள்ளிருப்பது தெரியாத கருநிறப் போத்தல் அது. பாதி அருந்திய பின்னர் மீதியை ஊற்றியபோது அழுகிய நத்தையொன்று வெளிவந்ததாகவும், அதனால் தாம் நோயுற்றதாகவும் கூறி அப்பெண்மணி பானம் தயாரித்தவர்மேல் வழக்குத் தொடுத்தார். பானத்தை விலைக்கு வாங்கியவர் தோழியாதலால், வழக்காளிக்கு எவரோடும் ஒப்பந்தம் இருக்கவில்லை. எனினும், தன் பொருளை அருந்தப்போகிறவருக்குத் தீங்கு நேராமற் கவனம் எடுப்பது தயாரிப்பாளரின் கடமை என்று பிரித்தானியப் பிரபுக்கள் சபை 1932ஆம் ஆண்டிற் தீர்ப்பளித்தது. ஐவருள் மூவர் அவ்வாறு கூறினர், இருவர் மறுத்தனர்.

இக்கதையைச் சொல்லி முடிப்பதற்கு ஐந்து நிமிடம் போதும். நல்ல ஆசிரியரின் வேலை அதன் பின்னரே தொடங்குகிறது. போத்தல் தெளிந்த கண்ணாடியாக இருந்திருந்தால்? நோய் எதுவும் வராமல் அருவருப்பு மாத்திரம் உண்டாகியிருந்தால்? கடைக்காரரே போத்தலைத் திறந்து ஒரு மணி நேரம் வைத்திருந்திருந்தால்? மறுத்த இருவரின் நியாயம் என்ன? அவர்கள் அஞ்சிய அபாயம் பின்னர் நேர்ந்ததா? ஒரு சங்கதியை மாற்றியதும் விடை மாறுவதை மாணவர் காண்கிறார்கள். நத்தை உண்மையிலேயே போத்தலினுள் இருந்ததா என்பது எந்த நீதிமன்றத்திலும் நிரூபிக்கப்படவில்லை என்பதை இறுதியிற் சொன்னால் வகுப்பே திகைத்துப் போகும். நிரூபணமாகாத நத்தையிலிருந்து உலகறிந்த ஒரு சட்டக் கோட்பாடு பிறந்தது எப்படி என்று கேட்கும் மாணவன், அன்றுதான் சட்டம் படிக்கத் தொடங்குகிறான்.

அத்துடன் முடிந்ததா? இலங்கை ஆசிரியருக்கு இன்னொரு பணியும் உண்டு. இங்கிலாந்தின் சட்டத்தை நாம் அப்படியே எடுத்துக்கொண்டவர்கள் அல்லர். ஒல்லாந்தர் விட்டுச்சென்ற உரோம-ஒல்லாந்தச் சட்டத்தின் வழியிலேயே நம் நீதிமன்றங்கள் தீங்குக்கு ஈடு வழங்குகின்றன. ஆகவே பெய்ஸ்லி நத்தையை நம் ஊர் நீதிமன்றத்துக்குக் கொண்டுவந்தால் அது எவ்வழியால் ஊர்ந்து செல்லும் என்பதையும் அவர் விளக்கவேண்டும். கண்டியச் சட்டம், முஸ்லிம் சட்டம், தேசவழமை என்பனவும் இவற்றோடு சேர்ந்துகொள்கின்றன. இத்துணைச் சிறிய நாட்டில் இத்தனை சட்ட முறைகள் அருகருகே வாழ்வது சட்ட ஆசிரியருக்கு ஒரு பெரும் பாரம்; ஆராய்ச்சியாளருக்கோ அது ஒரு புதையல்.

உங்கள் வீட்டு இரும்புப் பெட்டி

அன்பரே, இவையெல்லாம் தூரத்து விடயங்கள் என்று தாங்கள் எண்ணலாம். தங்கள் வீட்டிலும் ஓர் இரும்புப் பெட்டி இருக்கும். அதனுள் காணி உறுதிகள் இருக்கும். அவற்றுள் எது முதுசம், எது சீதனம், எது தேடியதேட்டம் என்று தாங்கள் அறிவீர்கள். ஆனால் அவ்வேறுபாடுகளை நாம் எழுத்தில் அறிவது எவ்வாறு?

1706ஆம் ஆண்டிற் தேசாதிபதி சீமோன்ஸ் என்பவரின் கட்டளைப்படி, யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் வாழ்ந்த கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் ஒல்லாந்த அதிகாரி நம் முன்னோரின் வழக்கங்களைத் தொகுத்தார். பன்னிரண்டு முதலியார்மார் அதனைப் பார்வையிட்டு ஏற்றுக்கொண்டனர். ஆங்கிலேயர் 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரமாணத்தால் அதற்குச் சட்ட வலு அளித்தனர். 1911ஆம் ஆண்டில் விவாக உரிமைகளும் முதுசமும் பற்றிய கட்டளைச் சட்டம் வந்தது. மணமான பெண்ணின் தனிச் சொத்து அவளுடையதே என்று கூறிய அச்சட்டம், தன் காணியை விற்பதற்கோ பிறர்க்கு எழுதிக் கொடுப்பதற்கோ கணவனின் எழுத்துமூலமான சம்மதம் வேண்டுமென்றும் விதித்தது. சொத்து அவளுடையதாயின் சம்மதம் ஏன்? இக்கேள்வியை வழக்குப் பேசுபவர் தம் கட்சிக்காரருக்கு உதவும் இடத்தில் மாத்திரமே எழுப்புவார். வகுப்பில் நிற்பவரோ ஆண்டுதோறும், புதிய மாணவர் கூட்டத்தின் முன்னே, எவருக்கும் அஞ்சாமல் எழுப்பலாம். அவரிடம் அக்கேள்வியைக் கேட்டவர்களே பின்னர் நீதிபதிகளாகவும் சட்டவாக்குநர்களாகவும் வருகிறார்கள்.

சிதறிக் கிடந்த தேசவழமைத் தீர்ப்புகளையெல்லாம் ஒழுங்குபடுத்தி, யாழ்ப்பாணத் தமிழரின் சட்டங்களையும் வழக்கங்களையும் பற்றி விரிவான நூல் எழுதியவர் எச். டபிள்யூ. தம்பையா. அவர் உயர் நீதிமன்ற நீதியரசராகவும் விளங்கினார். தீர்ப்புகளை வழக்காளிகள் மறந்திருக்கலாம். நூலோ இன்றும் நொத்தாரிசுமாருக்கும் மாணவருக்கும் கைவிளக்காக இருக்கிறது.

கதிரை பெரிதா, ஆசனம் பெரிதா?

"வாத்தியார் வேலைக்கா இத்தனை படிப்பு?" என்ற கேள்விக்கு நம்மவர் சிலரின் வாழ்க்கையே விடை கூறும்.

பேராசிரியர் த. நடராசா கொழும்புச் சட்டபீடத்தின் பீடாதிபதியாக இருந்தவர். பின்னாளில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வேந்தராகவும் விளங்கியவர். இலங்கையின் சட்ட முறைமை எவ்வாறு வரலாற்றில் உருவாயிற்று என்பதைப் பற்றி அவர் எழுதி, 1972ஆம் ஆண்டில் ஒல்லாந்திலுள்ள லெய்டனில் வெளிவந்த நூல், அத்துறையில் எவரும் தவிர்க்கமுடியாத நூலாகும். பேராசிரியை சாவித்திரி குணசேகர சட்டம் கற்பித்தே உயர்ந்து, 1999ஆம் ஆண்டிற் கொழும்புப் பல்கலைக்கழகத் துணைவேந்தரானார். பெண்களுக்கெதிரான பாரபட்சங்களை ஒழிப்பதற்கான ஐக்கிய நாடுகள் குழுவிலும் அவர் அங்கம் வகித்தார்.

எல்லாவற்றிலும் வியப்பானது கிறிஸ்தோபர் வீரமந்திரியின் வாழ்க்கை. அவர் 1967ஆம் ஆண்டு முதல் உயர் நீதிமன்ற நீதியரசராக இருந்தவர். சட்டம் பயின்ற எவரும் தவமிருந்து வேண்டும் ஆசனம் அது. 1972ஆம் ஆண்டில் அவர் அந்த ஆசனத்திலிருந்து எழுந்து, அவுஸ்திரேலியாவின் மொனாஷ் பல்கலைக்கழகத்திற் பேராசிரியர் கதிரையில் அமர்ந்தார். ஏறக்குறைய இருபது ஆண்டுகள் மாணவருக்குக் கற்பித்தார், நூல்கள் எழுதினார். அதன் பின்னரே 1991ஆம் ஆண்டில் ஹேக் நகரிலுள்ள சர்வதேச நீதிமன்றம் அவரை நீதிபதியாக ஏற்றது. 1997ஆம் ஆண்டில் டனூப் நதியின் அணை குறித்து ஹங்கேரியும் சிலோவாக்கியாவும் அங்கே வழக்காடியபோது, அவர் எழுதிய தனித் தீர்ப்புரையிற் பண்டைய இலங்கையின் குளங்களையும் நீர்ப்பாசனத்தையும் எடுத்துக்காட்டி, அபிவிருத்தியும் இயற்கையைப் பேணுதலும் ஒருங்கே செல்லவேண்டும் என்று நிலைநாட்டினார். நம் குளக்கட்டு ஹேக் நகரின் மன்றம்வரை சென்றதென்றால், அதற்குப் பல்லாண்டு ஆய்வும் சிந்தனையுமே துணைநின்றன.

ஏணியின் படிகள்

புகழ்ந்தது போதும், இனிக் கணக்குப் பார்ப்போம். மகள் ஏறவேண்டிய ஏணி நீளமானது, படிகளும் வழுக்கும்.

முதற்படி பட்டத்தின் தரம். முதலாம் வகுப்பு, அல்லது இரண்டாம் வகுப்பு மேற்பிரிவு இல்லாதவருக்கு நிரந்தர விரிவுரையாளர் பதவியின் வாயில் திறப்பது அரிது. தங்கள் மகள் இப்படியைக் கடந்துவிட்டாள். இரண்டாம்படி காத்திருத்தல். வெற்றிடம் தோன்றி விளம்பரம் வரும்வரை தற்காலிக உதவி விரிவுரையாளராகப் பணிபுரிய நேரலாம். அது ஓராண்டாகவும் இருக்கலாம்; அதற்கு மேலும் நீளலாம். சம்பளம் சொற்பம், அடுத்த ஆண்டு வேலை இருக்குமா என்ற நிச்சயமும் இல்லை. ஒரு வெற்றிடத்துக்குப் பலர் விண்ணப்பிப்பார்கள். நேர்முகப் பரீட்சையில் அவர்கள் முன்னிலையிற் பாடம் நடத்திக் காட்டவும் வேண்டியிருக்கும்.

மூன்றாம்படி தகுதிகாண் காலம். இக்காலத்துள் முதுமாணி அல்லது கலாநிதிப் பட்டம் பெற்றாலன்றிப் பதவி உறுதியாகாது. அதன் பின்னரே சிரேஷ்ட விரிவுரையாளர், இணைப்பேராசிரியர், பேராசிரியர், சிரேஷ்ட பேராசிரியர் என்று மேலே ஏறலாம். ஆண்டுகள் கழிந்த மாத்திரத்தில் எவரும் பேராசிரியர் ஆவதில்லை. ஆய்வுக் கட்டுரைகளும் நூல்களும் வெளிவரவேண்டும். அவற்றை வெளியார் மதிப்பிட்டு ஏற்கவும் வேண்டும். எழுத விரும்பாதவர் எவ்வளவு நன்றாகக் கற்பித்தாலும் இடைப்படியிலேயே நின்றுவிடுவார். இதனை மகள் இன்றே அறிந்துகொள்வது நல்லது.

பணத்தைப் பற்றியும் ஒளிக்காமற் சொல்லவேண்டும். பெயர்பெற்ற சட்டத்தரணி ஈட்டும் செல்வத்தைப் பேராசிரியர் கனவிலும் காணமாட்டார். ஆனால் எல்லாச் சட்டத்தரணிகளும் பெயர்பெற்றவர்கள் அல்லர். தொடக்க ஆண்டுகளில் மூத்தவர் ஒருவரின் பின்னே வழக்குக் கட்டுகளைச் சுமந்து திரிந்து, கைச்செலவுக்குத் தந்தையாரை எதிர்பார்த்திருக்கும் இளஞ் சட்டத்தரணிகள் எத்தனை பேர்! தாங்கள் ஒப்பிடவேண்டியது பெருவெற்றி பெற்ற சட்டத்தரணியோடு விரிவுரையாளரை அன்று. நடுத்தரமான சட்டத்தரணியின் வருவாயோடு, மாதந் தவறாத பல்கலைக்கழகச் சம்பளத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். தராசு அவ்வளவு தூரம் சாயாது.

பிணைக் கையெழுத்து

தங்கள் கடிதத்தில் எழுதப்படாத ஓர் அச்சம் வரிகளுக்கிடையே நமக்குத் தெரிகிறது. மேற்படிப்புக்குப் பிள்ளை கடல்கடந்து போவாளே என்பதுதான் அது. பொதுநலவாயப் புலமைப்பரிசில், புல்பிரைட் புலமைப்பரிசில் முதலியன திறமையுள்ளோருக்கு உண்டு. பல்கலைக்கழகம் விடுமுறை அளித்து அனுப்பும்போது, திரும்பி வந்து குறித்த காலம் பணிபுரிவேன் என்று பிணைமுறி எழுதி வாங்கும். அதிற் பிணையாளரும் கையெழுத்திட வேண்டும். சென்றவர் திரும்பாவிடின் கடன் பிணையாளரின் தலையில் விழும்.

திரும்பாதவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தக்க காரணங்களும் இருந்திருக்கலாம். நம் நாடு கடந்துவந்த காலத்தை நினைப்பவர் எவரும் அவர்களை எளிதிற் குறைகூறார். ஆயினும், அவர்கள் நிற்கவேண்டிய விரிவுரை மண்டபங்களில் வேறெவர் நின்றார் என்பதையும் நாம் கேட்கவேண்டும். சட்டக்கல்லூரிப் பரீட்சைகளை ஆங்கிலத்தில் மாத்திரம் நடத்துவதற்கென ஆக்கப்பட்ட பிரமாணங்களை 2023ஆம் ஆண்டிற் பாராளுமன்றம் நிராகரித்தது. நம் பிள்ளைகள் தமிழிற் பரீட்சை எழுதலாம் என்பதில் மகிழ்ச்சியே. ஆனால் எழுதும் உரிமை மாத்திரம் போதுமா? தமிழிற் படிப்பதற்கு நூல்கள் வேண்டாமா? ஒப்பந்தச் சட்டத்தையும் சான்றுச் சட்டத்தையும் ஒரு கிராமத்து மாணவன் தன் மொழியில் ஐயந்திரிபற விளங்கிக்கொள்ளும்படி எழுத, ஆங்கிலத் தீர்ப்புகளையும் கற்றுத் தமிழையும் கற்ற ஆசிரியர்கள் வேண்டும். அத்தகையோர் மிகச் சிலரே. தங்கள் மகள் அவர்களுள் ஒருத்தியாக வரக்கூடும்.

ஆகவே நாம் கூறும் யோசனை இது. மகள் சட்டக்கல்லூரிப் பரீட்சைகளையும் பயிலுநர் காலத்தையும் நிறைவுசெய்து, சத்தியப் பிரமாணத்தைச் செய்துகொள்ளட்டும். அது வீண்போகாது. நீதிமன்றத்தின் வாசனை அறியாத ஆசிரியர் சட்டத்தைப் பாதியே அறிந்தவர். விரிவுரையாளர் வெற்றிடம் வாய்க்காவிடின் அந்த அங்கி அவளுக்குத் துணைநிற்கும். இது தந்தையார் விட்டுக்கொடுக்கத் தேவையில்லாத பகுதி. அதன் பின்னர், விளம்பரம் வரும்போது விண்ணப்பிப்பதற்கு அவளைத் தடுக்கக்கூடாது. நாளை பிணைமுறி வந்தால், மகளின் சொல்லை நம்பிக் கையெழுத்திடவும் வேண்டும். இது தந்தையார் விட்டுக்கொடுக்கவேண்டிய பகுதி. இளைய பிள்ளைகளின் பொறுப்பில் தன் பங்கு யாதென்பதை, முதற் சம்பளம் கைக்கு வருமுன்னரே மகளும் தந்தையாரோடு பேசித் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். விருப்பமான தொழிலைத் தேடுவோர் வீட்டுக் கணக்கை மறந்துவிடுதல் நியாயமன்று.

ஒரு சிறு சோதனை

இன்னும் மனம் ஒப்பவில்லையாயின், செலவில்லாத ஒரு சோதனை சொல்லுகிறோம். ஒருநாள் மாலை அந்த இரும்புப் பெட்டியைத் திறந்து, தங்கள் இல்லத்தரசியாரின் சீதன உறுதியை எடுங்கள். மகளைக் கூப்பிட்டு, "பிள்ளை, இது எந்தச் சட்டப்படி எழுதப்பட்டது? இதில் அம்மாவுக்கு உள்ள உரிமை என்ன? எனக்குள்ள உரிமை என்ன? ஏன் அப்படி?" என்று கேளுங்கள். இல்லத்தரசியாரும் அருகில் இருக்கட்டும்; இளைய பிள்ளைகளும் இருக்கட்டும்.

மகள் சட்டப் பிரிவுகளின் இலக்கங்களை ஒப்புவித்துவிட்டு எழுந்து போனால், அவள் நன்றாகப் படித்த பிள்ளை, அவ்வளவே. ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்து, விளங்காதவருக்கு வேறு விதமாகச் சொல்லி, தங்களிடமே மறுகேள்வி கேட்டு, கடைக்குட்டிக்கும் விளங்கிய பின்னரே அவள் ஓய்வாளாயின், அன்பரே, தங்கள் வீட்டில் ஓர் ஆசிரியை இருக்கிறாள். இத்தனை ஆண்டுகளாகத் தங்கள் கையெழுத்தின்கீழ்க் கிடந்த உறுதியின் பொருளை, அன்றுதான் தாங்களும் முழுதாக அறிந்திருப்பீர்கள். அந்த மாலைக்குப் பின்னர், "வாத்தியார் வேலைக்கா இத்தனை படிப்பு?" என்ற கேள்விக்குத் தாங்களே விடை எழுதலாம். அவ்விடையை நமக்கும் ஒரு கடிதத்தில் அறியத்தாருங்கள்; ஓரங்களில் எழுதினாலும் வாசிப்போம்.